நோயாளியை நேரில் வரச் சொல்லவும்

ஜூன் 3

அக்கா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதை அடுப்பில் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எட்டு வருஷம் ஆகிறது. அம்மாவை எடுத்த அன்று, வாசலில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்ன வார்த்தைக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போதும் எனக்காக எழுதவில்லை. என் மகளுக்காக எழுதுகிறேன்.

நீ அவளைப் பார்த்தபோது ஒரு வயது. இப்போது ஒன்பது. வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறோம், ஆனால் வாய் மட்டும் பெரிசு. பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பையைத் தூக்கித் தோளில் மாட்டப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் நாடியே கிடைக்கவில்லை என்று டீச்சர் சொன்னார். பத்து நாள் கழித்து, காலையில் என் போன் அலறியது. மறுபடியும் விழுந்தாள். எட்டு எண்ணுவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள். எனக்கு அது எட்டு வருஷம்.

ஈசிஜி எடுத்த டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே, "உங்க குடும்பத்துல யாராவது திடீர்னு போயிருக்காங்களா? ஏதாவது சத்தம் கேட்டு?" என்றார். ஆலைச் சங்கு ஊதும்போது விழுந்த அப்பாவைச் சொன்னேன். அலாரம் அடித்த காலையில் எழுந்திருக்காத அண்ணனைச் சொன்னேன்.

பொடிசின் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள். ஓரிடத்தில் ஒரு மாற்றம் இருக்கிறதாம். அதுதான் குற்றவாளியா, சும்மா நிற்கிற ஆளா என்று அவர்களுக்கே தெரியவில்லை. குடும்பத்தில் விழுந்தவர்களுக்கும் அதே மாற்றம் இருந்தால்தான் உறுதி. உறுதியானால்தான் மாத்திரை போதுமா, நெஞ்சுக்குள் கருவி வைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும். தப்பாக முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத மாட்டேன்.

கேட்பது மூன்று. அப்பா வழியில் யார் யார், எப்போது, எப்படிப் போனார்கள் என்ற விவரம். உன் ரத்தம். அப்புறம், அம்மா சேர்த்து வைத்த டப்பாவிலிருந்து அண்ணனின் பால்பல் ஒன்று.

மரபணு ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். "இறந்தவர்தான் பெரிய சாட்சி" என்று சொல்கிறார். நான் என்ன செய்ய?

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

அடுப்பில் போடவில்லை. படித்தேன். நான்கு இடத்தில் பிழை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு ஒற்று எதற்கு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பாடநூல் மெய்ப்பு பார்த்தே இருபது வருஷம் சாப்பிட்டவள் நான். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது.

ரத்தம் தர மாட்டேன். பல்லும் தர மாட்டேன். நடுவனின் பல்லைக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது? ஊருக்கு அவன் யாரோ. உனக்கு அண்ணன். எனக்கு அவன் நடுப்பிள்ளை, நடுவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனை உன் கையில் ஒரு தரம் கொடுத்தது போதும்.

இந்த வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். வாசல் மணியைக் கழற்றிப் பூசி மூடியாயிற்று. போன் கிடையாது. குக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றியிருக்கிறது. தபால்காரர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஒரு பாடத்தில் கதை வந்தது. நம் வீட்டுப் பூனையாக இருந்தால் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வழி விவரம் மட்டும் தருகிறேன். அப்பாவின் தங்கை கல்யாணமான

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன் போல. மறுபடி பேனா எடுக்கும்போது டீயில் ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறது. முழங்கை வலிக்கிறது. வயசாகிறது.

அப்பாவின் தங்கை கல்யாணமான வருஷமே போனாள். வெடிச் சத்தம். தாத்தா எப்படிப் போனார் என்று தெரியாது.

அந்தப் பெண் எந்தப் பக்கமாக விழுந்தாள்? அடி பட்டதா? அதை எழுதவில்லையே நீ.

அக்கா


ஜூன் 14

அக்கா,

இடது பக்கம். புருவத்துக்கு மேலே இரண்டு தையல். நீ கேட்டாய் என்று சொன்னேன். "அத்தைக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டாள். ஆடு பகை, குட்டி உறவா என்பார்கள். குட்டி மட்டும் உறவாக இருந்தால்கூட எனக்குச் சந்தோஷம்தான்.

இதை எழுதவேண்டாம் என்று ஐந்து நாள் இருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

மருத்துவமனையில் ஒரு படிவம். 'மயக்கத்துக்கு முன் என்ன உணர்ந்தீர்கள்?' என்று ஒரு கட்டம். பொடிசைக் கேட்டேன். "மணி அடிச்சுதுப்பா" என்றாள். ஸ்கூல் மணிதானேம்மா என்றேன். "அது இல்லப்பா. ஸ்கூல் மணி செவுத்துல இருக்கும். இது வாளிக்குள்ள இருந்து அடிச்சுது. எவர்சில்வர் வாளிக்குள்ள போட்டு அடிச்சா எப்படி இருக்கும், அப்படி."

அக்கா, நான் என் பெண்டாட்டியிடம்கூட அந்த வாளியைச் சொன்னதில்லை. பதினோரு வயசில் செய்த காரியம். அண்ணன் மறுநாள் காலையில் முதல் வேலைக்குப் போகவேண்டும். "நான் கும்பகர்ணன்டா, எப்படியாவது என்னை எழுப்பிடு" என்று என்னிடம்தான் சொன்னான். ஐந்து பத்துக்கு அலாரம் வைத்து, சத்தம் இரண்டு மடங்காகட்டும் என்று அதை வாளிக்குள் இறக்கி அவன் தலைமாட்டில் வைத்தேன். வாளியைப் பார்த்தது நீ மட்டும்தான். யாரும் வருவதற்கு முன் அதை எடுத்துப் போனதும் நீதான்.

படிவத்தில் 'சத்தம்' என்று மட்டும் எழுதினேன்.

படிவங்கள், கையுறை, காகித உறை எல்லாம் இத்துடன் இருக்கிறது. பல்லை வெறுங்கையால் தொடக்கூடாது. பிளாஸ்டிக்கில் போடக்கூடாது, காகித உறையில் மட்டும். கழுவவே கூடாது. உறையின் மேல் பெயர், பிறந்த தேதி. கோரிக்கைப் படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பவேண்டும், இறப்புச் சான்றிதழ் நகலும் வேண்டும். உன் காலில் விழுகிறேன். இதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

இரண்டு தையலா. முடி மறைக்குமா, தழும்பு தெரியுமா?

பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் தகரப் பெட்டி, கட்டிலுக்கு அடியில் இருப்பது. இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தரம். சான்றிதழும் பல் டப்பாவும் அதற்குள்தான். கடிகாரமும் அதற்குள்தான்.

பல்லை முதலில் சொல்கிறேன். நம் மூவரின் பல்லையும் அம்மா ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறாள். கலந்து கிடக்கிறது. ஆனாலும் நடுவனுடையது தெரிந்துவிட்டது. குழாயில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்து முனை உடைத்துக்கொண்டானே, அந்த முன்பல். கையுறை போட்டு எடுத்துக் காகித உறையில் வைத்தேன். ஒரு அரிசி மணி அளவுகூட இல்லை. கனமாக இருந்தது.

இனி கடிகாரம். அன்று அதை அவன் துண்டில் மடித்து வைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, நாலாக மடித்த துண்டின் மேலே வைத்தேன், சுற்றவில்லை. இப்போது பார்த்தால் துண்டு சுற்றியிருக்கிறது. பின்பக்கம் இரண்டு சாவி இருக்கும் இல்லையா, ஒன்று ஓடுவதற்கு, ஒன்று அலாரத்துக்கு. அலாரம் அடிக்கும்போது அந்தச் சாவி தானாகத் திரும்பும். அந்தச் சாவியில் துண்டு சிக்கி, கயிறு போல முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. பிரிக்க முடியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.

நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். புதுத் துணியில் தளர மடித்து மறுபடி வைத்துவிட்டேன்.

வாளி விஷயத்தை நீ யாரிடமும் சொல்லவில்லை என்றால் நானும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. அப்படியானால் அந்தக் குழந்தைக்கு யார் சொன்னது?

படிவம் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். பிழை இருக்காது. ரத்தம் மட்டும் கேட்காதே.

அக்கா


ஜூலை 1

அக்கா,

இரண்டு தரம் சரிபார்த்தாயா? நிஜமாகவா?

நேற்று சோதனைக்கூடத்திலிருந்து பல் திரும்பி வந்தது. உறையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அப்படியே எழுதுகிறேன்: 'நோயாளி உயிருடன் இருப்பதால் பல் மாதிரி ஏற்கப்படாது. ரத்தம் எடுக்க நோயாளியை நேரில் வரச் சொல்லவும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.'

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவர்களுக்குக் கண் தெரியாதா என்று படிவத்தை எடுத்துப் பார்த்தேன். வயது: 45. மறைந்த தேதி: காலி. சம்மதக் கையெழுத்தில், இறந்தவரின் வாரிசு என்ற கட்டத்தை விட்டுவிட்டு, 'தானே கையெழுத்திட இயலாதவரின் காப்பாளர்' என்ற கட்டத்தில் உன் கையெழுத்து. அழகான கையெழுத்து. சான்றிதழ் நகலை வைக்கவே இல்லை.

அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், அக்கா.

அடுத்தவன் கமாவைக்கூட விடாத நீ இதை எப்படி விட்டாய்?

அப்புறம் இன்னொன்று. திட்டாதே. உன் ஜூன் 9 கடிதத்தை ஆலோசகர் அம்மாவிடம் காட்டினேன், அப்பா வழி விவரத்துக்காக. அவர் விவரத்தைப் படிக்கவில்லை. 'கல்யாணமான' என்ற சொல்லுக்குப் பிறகு பேனா ஒரு கோடாகக் கீழே இறங்கித் தாளை விட்டே போயிருக்கிறதே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அக்காவுக்கு மயக்கம் வருமா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

வருமா, அக்கா?

புதுப் படிவமும் பல்லும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

என் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. காட்டியாயிற்று என்றால் இனிக் காட்டாதே.

வயது தவறில்லை. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அவனுக்கு ஒரு வயது கூட்டிக்கொண்டே வருகிறேன். முப்பதில் அவனுக்கு முன்வழுக்கை விழுந்திருக்கும், அப்பாவைப் போல. நாற்பதில் கண்ணாடி. கணக்கு என்று நினைத்துச் செய்யவில்லை, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. 'வயது' என்று கட்டத்தைப் பார்த்ததும் கை எழுதிவிட்டது. படித்துப் பார்த்தபோதும் சரியாகத்தான் தெரிந்தது. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

கேட்டாய், சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

தினமும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று. காலை ஐந்து பத்துக்கு மணி அடிக்கும். வாளிக்குள் இருந்து அடிக்கும். அவன் படுத்திருந்த அறையிலிருந்து வரும். நான் எழுந்து போவேன். கூடத்தைத் தாண்டி, அவன் அறை வாசல்படி வரை போவேன். அதற்குள் சத்தம் பெரிதாகிக் காதை அடைத்துவிடும். அப்புறம் கண்ணைத் திறந்தால் தரையில் கிடப்பேன், வெயில் வந்திருக்கும். சில சமயம் பகலிலும். பேனாவோடு விழுந்தது அப்படித்தான்.

இந்த வீட்டில் மணிகளை ஏன் எடுத்தேன் தெரியுமா? பயத்தில் என்று தெருவே பேசுகிறது. பயமில்லை. வேறு மணி எதுவும் குறுக்கே அடித்துவிடக் கூடாது என்றுதான்.

உன் ஆலோசகர் அம்மா கெட்டிக்காரி. ரத்தம் கொடுத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் மருந்து கொடுப்பாள். மருந்து கொடுத்தால் அவன் வர மாட்டான். அதனால்தான் மாட்டேன் என்றேன்.

புதுப் படிவத்தை நிரப்பிவிட்டேன். 'மறைந்த தேதி' கட்டத்தில் எண்களை எழுத ஒரு காலைப்பொழுது பிடித்தது. சான்றிதழைப் பார்த்துத்தான் எழுதினேன். வயது பத்தொன்பது. பல்லும் சான்றிதழ் நகலும் உள்ளே இருக்கின்றன.

பெட்டியை இன்று மறுபடி திறந்தேன். புதுத் துணி சாவியில் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது.

அக்கா


ஜூலை 13

அக்கா,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில், லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து படித்தேன். உடனே வண்டி ஏறி வந்திருப்பேன். பொடிசைத் தனியாக விட முடியவில்லை, நானும் அவள் அம்மாவும் ஆள் மாற்றி ஆள் விழித்திருக்கிறோம்.

காதில் மணி அடிப்பது பற்றி, உன் பெயரைச் சொல்லாமல், டாக்டரைக் கேட்டேன். மயக்கம் வருவதற்கு முன் சிலருக்குக் காதில் அப்படி ஒரு சத்தம் வருமாம். மூளைக்கு ரத்தம் குறையும்போது. மணி அடித்து நீ விழவில்லை. விழப்போவதால் மணி அடிக்கிறது. "ஒரே சத்தம் மூணு பேருக்குக் கேக்குமா டாக்டர்?" என்றேன். "எந்த மூணு பேர்?" என்றார். பேச்சை மாற்றிவிட்டேன். மூணாவது ஆள் நான்தான். நான் விழுந்ததில்லை. ஆனால் எப்போதாவது, ஆள் இல்லாத கட்டடத்தில் லிஃப்டின் மேல் நிற்கும்போது, கீழேயிருந்து கேட்கும். குழிக்குள் ஏதோ மணி என்று இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க மணிகளோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு ஒரு மணி கூடக் குறைய இருந்தால் என்ன என்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். அண்ணனுக்குக் கொடுத்த நேரத்தை ரத்து செய்யத்தான். நான் ஜன்னலருகே போவதற்குள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் முழுப்பெயரை. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அவன் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தரம் கூப்பிட்டார்கள். கூடத்தில் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், யார் எழுந்திருக்கப் போகிறார் என்று. பொறுக்க முடியாமல் நான் எழுந்து நின்றேன். என்னிடமிருந்தே ரத்தம் எடுக்க வந்துவிட்டாள் ஒரு நர்ஸ்.

என் ரத்தமும் கொடுத்துவிட்டேன், என் பெயரில்.

அக்கா, விழுந்தும் உயிரோடு இருப்பவர்கள் இரண்டே பேர். பொடிசும் நீயும். உன் ரத்தம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது, பல் பழசு, அதிலிருந்து ஒன்றும் கிடைக்காமலும் போகலாம் என்கிறார்கள். அண்ணனை நான்தான் கொன்றேன் என்றே வைத்துக்கொள். அதற்குத் தண்டனை என் பெண்ணுக்கு வேண்டாம்.

வியாழக்கிழமை ரத்தம் எடுக்க ஒரு பெண் வருவாள். மணி அடிக்க மாட்டாள். ஜன்னல் கட்டையில் விரலால் மூன்று தரம் தட்டுவாள். கதவைத் திற.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

திறந்தேன்.

முழங்கை வரை கண்ணாடி வளையல் போட்ட சின்னப் பெண். வாசலிலேயே வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள், சத்தம் வருமே என்று. நீ சொல்லியிருப்பாய். அதற்காகவே அவளை உள்ளே விட்டேன்.

ஊதா மூடி போட்ட குப்பி. ரத்தம் எடுத்ததும் குலுக்கக் கூடாதாம், மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டுமாம். எட்டு தரம் செய்தாள். பெயரும் பிறந்த தேதியும் என் வாயால் சொல்லச் சொல்லி எழுதினாள். எழுதியதை என்னிடம் காட்டிச் சரியா என்று கேட்டாள். என் தொழிலுக்கு மரியாதை தெரிந்த பெண். படிவத்தில் 'எத்தனை முறை மயக்கம்' என்ற கட்டத்தில் 'எண்ணவில்லை' என்று எழுதினேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

குப்பியில் நேரம் எழுதும்போது சட்டென்று நிறுத்தி, நடுவன் அறைப் பக்கம் திரும்பினாள். "உள்ள யாராவது தூங்குறாங்களாம்மா?" என்றாள்.

"ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். போகும்வரை தாழ்த்தியேதான் பேசினாள்.

மருந்து, மருத்துவமனை என்று இப்போதே ஆரம்பிக்காதே. முடிவு வரட்டும். அதுவரை எனக்குக் கொஞ்ச நாள் இருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

முடிவு வந்துவிட்டது. நாலு தாள், நாலு பெயர்.

பொடிசுக்கு இருக்கிறது. உனக்கு இருக்கிறது. பல்லிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், அண்ணனுக்கு இருந்திருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

ஆலோசகர் அம்மா நம் குடும்பப் படத்தை மேசையில் விரித்தார். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம், நோய் உள்ளவர் என்றால் கறுப்பு, போனவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. அப்பாவும் அத்தையும் ரத்தம் கொடுக்காமலே கறுப்பானார்கள். அண்ணனுக்குக் கறுப்பு, கோடு. உனக்குக் கறுப்பு. என் கட்டத்தை அவர் கறுப்பாக்கும்போது, நான் இதுவரை நினைத்தே பார்க்காத ஒன்று உறைத்தது. அன்று காலை அண்ணனோடு அதே பாயில் நானும் படுத்திருந்தேன். வாளிக்கு இந்தப் பக்கம் அவன் தலை, அந்தப் பக்கம் என் தலை. ஒரே மணி இரண்டு பேர் காதிலும்தான் அடித்தது, நான் விழிக்கவே இல்லை. ஒருவனை எடுத்தது, ஒருவனை விட்டது. ஏன் என்று கேட்டேன். "அதுக்குப் பதில் இந்தத் தாள்ல இல்லைங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷமா துக்கமா தெரியவில்லை. அலாரம் வைக்கச் சொன்னது அவன், வைத்தது நான், ஆனால் இது நான் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்த கணக்கு. இருபத்தாறு வருஷம் என் தலையில் இருந்த வாளியை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

பொடிசுக்குக் கருவி வேண்டாம். மாத்திரை கேட்கிறது, ஈசிஜி நன்றாக இருக்கிறது. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, அவ்வளவுதான். எனக்கும் மாத்திரை. உனக்கு உங்கள் ஊர் டாக்டருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள், இத்துடன் இருக்கிறது. அவர் பார்த்து ஆரம்பிப்பார். போ, அக்கா. நீ எதை இழப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். அடுத்த தரம் நீ கண்ணைத் திறக்காமல் போனால் என் பெண்ணுக்கு அத்தை இல்லை.

தம்பி


அக்டோபர் 12

தம்பிக்கு,

டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. காலை ஒன்று, மாலை ஒன்று. தவறவில்லை.

முதல் வாரம் ஒரு தரம், எங்கேயோ தூரத்தில், பக்கத்துத் தெருவில் அடிப்பதுபோலக் கேட்டது. அதோடு சரி. ஐந்து பத்துக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். பால் வண்டி போகிறது. குருவி கத்துகிறது. அவ்வளவுதான். நான் விழவே இல்லை. எனக்கு எவ்வளவு வலிக்கிறது தெரியுமா? இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அழாததை எல்லாம் இந்த மாதம் அழுதிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அன்று அந்த மணியை நானும் கேட்டேன். பக்கத்து அறையில் விழித்துத்தான் படுத்திருந்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. இந்த வாண்டுப்பயல் வேலைதான், எழுந்து போய் முதுகில் ஒன்று வைக்கவேண்டும் என்று நினைத்தேன். பிறகு சோம்பலாக இருந்தது. போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். முறுக்கு தீர்ந்து அதுவாக நிற்கும் வரை படுத்திருந்தேன். எழுந்து வந்திருந்தால் அவன் மூச்சுக்குத் திணறியதையாவது பார்த்திருப்பேன். ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டிருப்பேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மாவை எடுத்த அன்று அத்தனை பேர் முன்னால் "நீதாண்டா அவனை அனுப்பினே" என்று உன்னைச் சொன்னேன். பதினோரு வயசுப் பிள்ளையின் தலையில் என் பாவத்தை வைத்துவிட்டு, நான் நல்லவளாக இருந்துகொண்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஒவ்வொரு தரம் மணி அடித்தபோதும் நான் எழுந்து போனது அதற்குத்தான். இந்த முறையாவது வாசல்படியைத் தாண்டிவிட வேண்டும் என்று. ஒரு தரம்கூட முடியவில்லை.

நேற்றுத் தாண்டினேன். மணி இல்லாமலே. உள்ளே போய் ஜன்னலைத் திறந்து கூட்டிப் பெருக்கினேன். பெட்டியையும் திறந்து பார்த்தேன். துணி சாவியில் சுற்றவில்லை. மடித்தது மடித்தபடி கிடக்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுற்றியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

அந்த அறையில் பொடிசு படுத்துக்கொள்ளலாம். வெளிச்சமான அறை. மாத்திரையை மறக்காமல் எடுத்து வா. உன் கடிதத்தில் இந்தத் தரம் பிழையே இல்லை, யாரிடம் காட்டித் திருத்தினாய்?

இன்று நடுவனின் பிறந்த நாள். வழக்கம்போல நாற்பத்தாறு என்று மனசு கூட்ட வந்தது. வேண்டாம் என்று நிறுத்தினேன். அவனுக்கு வயது பத்தொன்பது.

நீங்கள் எந்நேரம் வந்தாலும் சரி. ஜன்னல் கட்டையில் விரலால் தட்டு. நான் எழுந்து வருவேன்.

அக்கா